குளோரின் சென்சார்: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது?

குடிநீரில் எஞ்சியிருக்கும் குளோரினை இடைவிடாமல் அளக்கும் சென்சார்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தருகிறோம். பி.பி.எம். என்று வரும் இடமெல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் என்று கொள்க.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் 60,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. இரண்டு போர்வெல் தண்ணீர் மாறி மாறி ஏறுகிறது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் தெருக்களுக்குத் திறந்துவிடுகிறோம். குளோரின் சென்சார் வாங்க விசாரித்தபோது ஒருவர் சவ்வு வைத்ததைச் சொன்னார். இன்னொருவர் சவ்வே இல்லாத ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ சென்சார் என்கிறார். மூன்றாமவர், கால்வாசி விலையில் ஓ.ஆர்.பி. மீட்டர் போதும் என்கிறார். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு டேங்க் ஆபரேட்டர். எதை வாங்கலாம்?
— ஊராட்சித் தலைவர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: ஓ.ஆர்.பி. மீட்டரை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அது காட்டுவது தண்ணீரின் ஆக்சிஜனேற்றத் திறனை, மில்லிவோல்ட்டில். குளோரின் 0.5 பி.பி.எம்.மிலிருந்து 1 ஆக இரட்டித்தாலும் அதில் சில பத்து மில்லிவோல்ட்தான் நகரும், பி.எச். சற்று மாறினாலே அந்த அளவு நகர்ந்துவிடும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500:2012 தரநிலை கேட்பதோ பி.பி.எம். கணக்கு: ஃப்ரீ குளோரின் (வேறெதோடும் சேராமல் எஞ்சியிருக்கும் குளோரின்) குறைந்தது 0.2, வைரஸ் தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு தேவைப்படும் காலத்தில் குறைந்தது 0.5. அந்த எண்ணை மில்லிவோல்ட்டிலிருந்து நம்பகமாக எடுக்க வழியில்லை.

மற்ற இரண்டில் எது என்பதை உங்கள் தண்ணீரின் பி.எச். தீர்மானிக்கும். தண்ணீரில் கரைந்த ஃப்ரீ குளோரின் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். கிருமியை வேகமாகக் கொல்வது இதுதான். மற்றொன்று ஹைப்போகுளோரைட் அயனி. இது மிகவும் மந்தமானது. பி.எச். 7.5-ஐ ஒட்டி இரண்டும் பாதிக்குப் பாதி. பி.எச். 7.4-இல் அமில வடிவம் சுமார் 56 சதவீதம், 8.2-க்குப் போனால் 17 சதவீதம்தான். பெரும்பாலான சென்சார்கள் அமில வடிவத்தை மட்டுமே உணர்கின்றன. ஆகவே பி.எச். 7.4 இருந்த நாளில் 0.50 காட்டும்படி சரிசெய்த சென்சார், அதே 0.50 பி.பி.எம். தண்ணீர் பி.எச். 8.2-க்கு ஏறினால் 0.15 காட்டும். ஆபரேட்டர் குளோரின் குறைந்துவிட்டது என்று நினைத்து மருந்தைக் கூட்டிவிடுவார்.

பி.எச். எங்கே அவ்வளவு மாறப்போகிறது என்று நினைக்க வேண்டாம். போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு தொட்டியில் கொட்டும்போது வெளியேறும், பி.எச். ஏறும். பிளீச்சிங் பவுடரில் இருக்கும் சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம் ஏற்றும். உங்களுக்கு இரண்டு போர்வெல் வேறு. எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம், ஒவ்வொரு மோட்டாரும் ஓடும்போது காலையும் மாலையும் தொட்டித் தண்ணீரின் பி.எச்.சை அளந்து எழுதி வையுங்கள். ஏற்ற இறக்கம் 0.2-க்குள் இருந்தால் எளிய சென்சாரே போதும். அதற்கு மேல் போனால் இரண்டு வழி. ஒன்று, பக்கத்திலேயே பி.எச். சென்சாரும் வைத்துக் கணக்கில் திருத்துவது. இதற்கும் எல்லை உண்டு: பி.எச். 8.5-க்கு மேல் அமில வடிவம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுவதால், அந்தச் சிறு எண்ணைப் பெருக்கிப் பெறும் விடை தள்ளாடும். பி.எச். சென்சாருக்கென்று தனிப் பராமரிப்பும் சேரும். இரண்டாவது வழி, ‘பி.எச். சாராதது’ என்று விற்கப்படும் சவ்வு சென்சார். சவ்வுக்குப் பின்னால் இருக்கும் எலக்ட்ரோலைட் அமிலத்தன்மை உள்ளதாக இருப்பதால், உள்ளே நுழையும் அயனியும் அங்கே அமில வடிவத்துக்கு மாறி அளவில் சேர்ந்துவிடும். முழுக்கச் சாராதது என்று சொல்ல முடியாது. ஆனால் பி.எச். ஒரு அலகு மாறினால் பிழை சுமார் 10 சதவீதம் என்ற அளவில் நின்றுவிடும்.

சவ்வே இல்லாத சென்சாரில் தங்கம் அல்லது பிளாட்டினம் மின்முனை நேராகத் தண்ணீரைத் தொடுகிறது. மாற்ற வேண்டிய சவ்வுத் தொப்பி இல்லை, ஊற்ற வேண்டிய எலக்ட்ரோலைட் இல்லை. ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ என்ற சொல் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் மின்முனையின் மேல் சுண்ணாம்பும் இரும்பும் படியும். அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கச் சில கருவிகளில் கண்ணாடி மணிகளைச் சுழலவிடுகிறார்கள், சிலவற்றில் தூரிகை வைக்கிறார்கள். அந்த மணி தேயும், தூரிகையின் மோட்டார் நிற்கும். நீரோட்டம் கூடிக் குறைந்தால் அளவும் கூடிக் குறையும். தண்ணீரின் மின்கடத்துதிறன் மாறினாலும் அப்படியே. ஒரு போர்வெல் உப்பு குறைவாகவும் இன்னொன்று கூடுதலாகவும் இருந்து, இரண்டும் மாறி மாறி ஏறினால், இந்த வகைக்கு அதைவிடக் கெட்ட இடம் கிடையாது. வருடம் முழுவதும் ஒரே ஆற்றுநீர், ஒரே சீரான ஓட்டம் உள்ள சுத்திகரிப்பு நிலையத்தில் இது நன்றாகவே வேலை செய்யும்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. உங்களிடம் வந்த மூவருமே அதைச் சொல்லவில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை சிறிது தண்ணீரை எடுத்து, டி.பி.டி. மருந்து கலந்து, இளஞ்சிவப்பு நிறத்தை ஒளியால் அளக்கும் கருவி. மருந்தோடு சேர்க்கும் தாங்கல் கரைசல் மாதிரியின் பி.எச்.சைத் தானே சரிசெய்துவிடுவதால் பி.எச். தொல்லை கிடையாது, மின்கடத்துதிறன் தொல்லையும் கிடையாது. தண்ணீர் சில மணி நேரம் நின்று மறுபடி வந்தாலும் உடனே சரியான அளவைக் காட்டும். விலையாகக் கொடுக்க வேண்டியது: மாதம் ஒருமுறை மருந்துப் புட்டி மாற்ற வேண்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை பம்பின் ரப்பர்க் குழாயை மாற்ற வேண்டும், மருந்து கலந்த கழிவுநீரைத் தனியே வெளியேற்ற வேண்டும். டி.பி.டி. கரைசல் வெயிலில் சீக்கிரம் கெடும். சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் வைத்தால் மாதக் கணக்கு பலிக்காது.

உங்கள் நிலைமைக்கு எங்கள் தேர்வு, பி.எச். சாராத சவ்வு சென்சார். காரணம் ஆபரேட்டரின் வேலை அளவு. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் குளோரின் பரிசோதனைக் கிட் வைத்து ஒப்பிடுவது, மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எலக்ட்ரோலைட், வருடத்துக்கு ஒருமுறை தொப்பி. இரும்பு கூடிய தண்ணீரானால் தொப்பி ஆறே மாதத்தில் போகலாம். ஆனால் இந்த வகை காய்ந்துபோகக் கூடாது, குளோரின் இல்லாத தண்ணீரில் நாள்கணக்கில் கிடக்கவும் கூடாது. சவ்வின் மேல் பாசிப்படலம் பிடித்துவிடும். ஆகவே எங்கே மாட்டுகிறீர்கள் என்பது எந்தக் கம்பெனி என்பதைவிட முக்கியம். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: தெருவுக்குப் போகும் மெயின் குழாயில் சென்சாரை மாட்டச் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் அதில் தண்ணீர் ஓடும். மற்ற நேரம் சென்சார் என்ன ஆகும்?
— குடிநீர்த் திட்ட ஒப்பந்ததாரர், சேலம்

பதில்: அங்கே மாட்டாதீர்கள். ஓட்டம் நின்றதும், சென்சார் உட்கார்ந்திருக்கும் சிறு அறையான செல்லுக்குள் இருக்கும் சிறிதளவு குளோரினைச் சென்சாரே தின்றுவிடும். அளவு பூஜ்யத்துக்கு இறங்கும். குழாய் காலியானால் சவ்வு காயும். மறுநாள் தண்ணீர் வந்த பிறகு அளவு நிலைப்பட நேரமாகும். அதற்குள் விநியோகமே முடிந்துவிடும்.

மேல்நிலைத் தொட்டியின் உயரமே உங்களுக்குப் பம்பு. தொட்டியில் தண்ணீர் இருக்கும் வரை புவியீர்ப்பில் மாதிரித் தண்ணீர் இடைவிடாமல் இறங்கும். ஆனால் தொட்டியிலிருந்து இறங்கும் பெரிய குழாயில், கீழ் வால்வுக்கு முன்னால் துளையிட்டு எடுக்கும் பழக்கம் இருக்கிறது. அதில் ஒரு சிக்கல். 100 மில்லிமீட்டர் குழாய் 12 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 94 லிட்டர் பிடிக்கும். வால்வு மூடியிருக்கும்போது சென்சாருக்குப் போகும் மணிக்கு 30 லிட்டர் ஓட்டம்தான் அந்தத் தண்ணீரை நகர்த்துகிறது. தொட்டியில் இப்போது நடப்பது சென்சாருக்குத் தெரிய மூன்று மணி நேரம் ஆகும். அதற்குப் பதில் தொட்டியிலிருந்தே 15 மில்லிமீட்டர் குழாய் ஒன்றைத் தனியாக இறக்குங்கள். அதே உயரத்துக்கு அது பிடிப்பது இரண்டு லிட்டர் சொச்சம். நான்கைந்து நிமிடத்தில் புதுத் தண்ணீர் வந்துவிடும். தொட்டியின் அடித்தளத்திலிருந்து ஓர் அடியாவது மேலே எடுங்கள், வண்டல் வராது. உள்ளே வரும் தண்ணீர் விழும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் எடுங்கள். மருந்து கலந்து முடிந்த தண்ணீர் அங்கேதான் இருக்கும். குழாயை வெயில் படாமல் மூடி இறக்குங்கள். ஒளி ஊடுருவும் குழாய் வேண்டாம். உள்ளே பாசி வளர்ந்து குளோரினைத் தின்னும்.

கீழே வரிசை இப்படி இருக்கட்டும்: பந்து வால்வு, கண்ணுக்குத் தெரியும் சல்லடை, ஊசி வால்வு, ஓட்டமானி, சென்சார் செல், மாதிரி பிடிக்கும் சிறு குழாய், திறந்த வாய் வடிகால். ஊசி வால்வைச் செல்லுக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் 12 மீட்டர் நீரின் முழு அழுத்தமும், அதாவது சுமார் 1.2 பார், சவ்வின் மேல் உட்காரும். பல சவ்வுத் தொப்பிகள் 1 பார் வரைதான் தாங்கும். சல்லடை மிக நுண்ணியதாக வேண்டாம். நுண் வடிகட்டியில் படியும் சேறு தானே குளோரினைக் குடித்துவிட்டுக் குறைந்த அளவைச் சென்சாருக்கு அனுப்பும். செல்லில் தண்ணீர் கீழிருந்து மேலே ஏற வேண்டும். இல்லாவிட்டால் காற்றுக் குமிழி சவ்வின் மேல் ஒட்டிக்கொள்ளும், அளவு துள்ளும்.

மணிக்கு 30 லிட்டர் என்றால் நாளைக்கு 720 லிட்டர். ஆளுக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் கணக்கில் அது 13 பேருக்கான தண்ணீர். சாக்கடைக்கு விட மனம் வராது, விடவும் கூடாது. சவ்வு சென்சார் எந்த மருந்தையும் கலப்பதில்லை. ஆகவே வடிகாலை மூடிய தரைத்தொட்டிக்குத் திருப்பி மோட்டாரில் மறுபடி ஏற்றலாம். டி.பி.டி. கருவியின் கழிவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குடிநீரில் சேர்க்கக் கூடாது.

கேள்வி: சென்சாரோடு, குளோரின் மருந்தை ஏற்றும் டோசிங் பம்பை இணைத்திருந்தோம். ஒரு நாள் காலை குழாயில் பிளீச்சிங் நெடி தாங்கவில்லை, அளந்தால் 4 பி.பி.எம்.முக்கு மேல். ஆனால் சென்சார் இரவு முழுவதும் 0.05 காட்டியதாகப் பதிவு இருக்கிறது. சென்சார் கெட்டுவிட்டதா?
— நகராட்சிக் குடிநீர்ப் பிரிவு ஊழியர், ஈரோடு மாவட்டம்

பதில்: சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறோம். மாதிரித் தண்ணீர் நின்றிருக்கிறது. சல்லடை அடைத்திருக்கலாம், யாராவது வால்வை மூடியிருக்கலாம். ஓட்டம் நின்றதால் அளவு இறங்கியது. குளோரின் இல்லை என்று எண்ணிக் கட்டுப்பாட்டுக் கருவி பம்பை முழு வேகத்தில் ஓட்டியது. தானியங்கி மருந்தேற்றத்தில் எல்லாவற்றிலும் ஆபத்தான பிழை இது. சரியான காவல் இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சென்சாரிலும் நடக்கும்.

காவல் மூன்று போடுங்கள். செல்லில் ஓட்ட சுவிட்ச்: மணிக்கு 30 லிட்டர் வேண்டிய சென்சாரானால் 25-க்குக் கீழே இறங்கியதும் பம்பு நிற்க வேண்டும், எச்சரிக்கை வர வேண்டும். இரண்டாவது, பம்புக்கு நேர வரம்பு: சாதாரண நாளில் எவ்வளவு நேரம் ஓடுமோ அதன் ஒன்றரை மடங்குக்கு மேல் தொடர்ந்து ஓடினால் தானே நிற்கட்டும். மூன்றாவது, மருந்துத் தொட்டியின் அளவு. 60,000 லிட்டர் தண்ணீருக்கு 1 பி.பி.எம். ஏற்ற 60 கிராம் குளோரின் போதும். 10 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) கரைசலில் அது 600 மில்லிலிட்டர். 200 லிட்டர் பீப்பாயை நேரே பம்போடு இணைப்பதற்குப் பதிலாக, ஒரு நாள் மருந்து மட்டும் பிடிக்கும் சிறு தொட்டியை இடையில் வையுங்கள். எல்லாக் காவலும் தவறினாலும் அந்த ஒரு நாள் மருந்துக்கு மேல் தண்ணீரில் இறங்காது.

இன்னொன்றையும் பாருங்கள். சிக்னல் கம்பி அறுந்தாலும் சில கருவிகள் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அளவை மின்னோட்டமாக அனுப்பும் 4–20 மில்லிஆம்பியர் சிக்னலில், 0 முதல் 2 பி.பி.எம். வரை அளவு வைத்திருந்தால் 0.2 பி.பி.எம். என்பது 5.6 மில்லிஆம்பியர், 4 என்பதுதான் உண்மையான பூஜ்யம். 3.6-க்குக் கீழே போனால் அதைப் பழுது என்று எடுத்துப் பம்பை நிறுத்தும்படி நிரலில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: சென்சார் 0.35, கையில் இருக்கும் கிட் 0.6. எதை நம்புவது? சரிசெய்ய வரும் ஆள் வாரம் தவறாமல் எண்ணை மாற்றிவிட்டுப் போகிறார், இருந்தும் சேரவில்லை.
— டேங்க் ஆபரேட்டர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: உங்கள் கிட்டில் வருவது மஞ்சள் நிறமா, இளஞ்சிவப்பா? மஞ்சள் என்றால் அது ஆர்த்தோடாலிடின். சில விநாடிகளுக்குள் பார்க்காவிட்டால் அமோனியாவோடு சேர்ந்த குளோரினையும் சேர்த்துக் காட்டும், நிறப்படிகளும் தாராளமானவை. குளோரின் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க உதவும், சென்சாரைச் சரிசெய்ய உதவாது. அந்த மருந்து உடலுக்கும் கேடு. கையில் படாமல் பாருங்கள். சென்சாரைச் சரிசெய்ய டி.பி.டி. மாத்திரையோ பொடியோ போட்டு எண்ணாகக் காட்டும் கைமீட்டர் வேண்டும்.

முறை இது. ஓட்டமானி சரியான இடத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அளவு பதினைந்து நிமிடமாவது நிலையாக இருக்கட்டும். மோட்டார் ஏறும் நேரத்தில் செய்யாதீர்கள். குளோரின் 0.3-க்கு மேல் இருக்கும்போது செய்யுங்கள், 0.1-இல் செய்தால் கிட்டின் பிழையே அளவைவிடப் பெரிதாகிவிடும். மாதிரியைத் தெருக்குழாயில் பிடிக்கக் கூடாது, செல்லுக்குப் பக்கத்தில் உள்ள சிறு குழாயில் பிடியுங்கள். பிடிக்கும் அந்த விநாடியில் திரையில் இருக்கும் எண்ணை எழுதுங்கள். கண்ணாடிக் குப்பியை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, 10 மில்லிலிட்டர் பிடித்து, வெளிப்புறத்தைத் துடைத்து, மருந்து போடாமல் பூஜ்யம் வையுங்கள். டி.பி.டி. ஒன்றாம் எண் மருந்தைப் போட்டுக் குலுக்கி, ஒரு நிமிடத்துக்குள் படியுங்கள். தாமதித்தால் சேர்ந்த குளோரினும் நிறம் காட்டத் தொடங்கும். மொத்தக் குளோரின் பார்க்கும் மூன்றாம் எண் மருந்து போட்ட குப்பியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் துளி அயோடைடே அளவை ஏற்றிவிடும்.

இதையே இரண்டாவது முறை செய்யுங்கள். இரண்டும் 0.05-க்குள் ஒத்துப்போனால்தான் சென்சாரில் கை வைக்க வேண்டும். சென்சாருக்கும் கிட்டுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்கோ 0.05 பி.பி.எம்.முக்கோ உள்ளே இருந்தால் எதையும் மாற்றாமல் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். வாரம் தவறாமல் எண்ணை மாற்றுவது, கிட்டின் பிழையைச் சென்சாருக்குள் ஏற்றுகிற வேலை. புதுத் தொப்பி போட்டிருந்தால் அன்றைக்கு ஒருமுறை தோராயமாகவும், ஒரு நாள் கழித்து முறையாகவும் சரிசெய்யுங்கள்.

சரிசெய்தபோது கருவி காட்டும் ‘ஸ்லோப்’ எண்ணை (ஒரு பி.பி.எம்.முக்குச் சென்சார் தரும் சிக்னலின் அளவு)த் தேதியோடு குறித்து வாருங்கள். புதிதாக இருந்ததில் பாதிக்கு இறங்கிவிட்டால் சவ்வு அடைத்திருக்கிறது அல்லது எலக்ட்ரோலைட் தீர்ந்திருக்கிறது. அதற்கு மேல் எண்ணைத் தள்ளி வைத்துப் பயன் இல்லை. சவ்வை விரலால் தொடாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள், சோப்பு அறவே கூடாது. மெல்லிய நீரோட்டத்தில் காட்டினால் போதும். வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடித்திருந்தால் கையேடு அனுமதிக்கும் நீர்த்த அமிலத்தில் சிறிது நேரம் முக்கி, நன்றாக அலசுங்கள். அந்த வேலையை ஹைப்போ தொட்டிக்கு அருகில் செய்ய வேண்டாம். அமிலமும் ஹைப்போவும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கு ஆபத்து.

கேள்வி: ஏரித் தண்ணீர். டி.பி.டி. மொத்தக் குளோரின் 1.0 காட்டுகிறது, சென்சார் 0.1-ஐத் தாண்டவே இல்லை. மருந்தைக் கூட்டினால் மொத்தக் குளோரின் இன்னும் குறைகிறது!
— வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: சென்சார் சொல்வதை நம்பலாம். தண்ணீரில் அமோனியா இருக்கிறது. போடும் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமின் ஆகிவிடுகிறது. மொத்தக் கணக்கில் வரும், ஃப்ரீ கணக்கில் வராது. அளவு ஒரு கட்டத்தைத் தாண்டியதும் கூடுதல் குளோரின் குளோரமினையே உடைக்கத் தொடங்கும், அதனால்தான் மருந்து கூட்டக் கூட மொத்தம் இறங்குகிறது. உடைந்து முடிந்த பிறகு ஃப்ரீ குளோரின் ஏறும். அமோனியா நைட்ரஜன் 1 பங்குக்கு ஏட்டுக் கணக்கில் 7.6 பங்கு குளோரின், நடைமுறையில் 8 முதல் 10 பங்கு வேண்டும். அமோனியா எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்த்துவிட்டு மருந்தைக் கணக்கிடுங்கள். அமோனியா 0.5-ஐத் தொட்டால் கழிவுநீர் எங்காவது கலக்கிறதா என்று தேடுவதுதான் முதல் வேலை.

கேள்வி: நீச்சல் குளத்துக்குச் சென்சார் வாங்கினோம். ட்ரைகுளோர் மாத்திரை போடுகிறோம். கிட் 3 காட்டும்போது சென்சார் 1-க்கும் கீழே.
— விடுதிப் பராமரிப்பாளர், கோயம்புத்தூர்

பதில்: ட்ரைகுளோர் கரையும்போது சயனூரிக் அமிலமும் தண்ணீரில் சேர்கிறது. வெயிலில் குளோரின் அழியாமல் காப்பது அதுதான். ஆனால் பெரும்பகுதிக் குளோரினைத் தன்னோடு பிணைத்து வைத்துக்கொள்ளும். டி.பி.டி. அந்தப் பிணைப்பை அவிழ்த்து எல்லாவற்றையும் எண்ணிவிடுகிறது. சாதாரணச் சென்சார் அவிழ்ந்து இருப்பதை மட்டும் எண்ணுகிறது. சயனூரிக் அமிலத்தை அளந்து பாருங்கள். 50 பி.பி.எம்.முக்கு மேல் இருந்தால் குளத்தில் ஒரு பகுதித் தண்ணீரை மாற்றுவதைத் தவிர அதைக் குறைக்க எளிய வழி இல்லை. சென்சார் மாற்றுவதாக இருந்தால் விவரக்குறிப்பில் சயனூரிக் அமிலம் உள்ள நீருக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். மாத்திரையை விட்டு ஹைப்போவுக்கு மாறினால் சயனூரிக் அமிலம் மேலும் சேராது, பி.எச். மட்டும் ஏறும், அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: டெண்டரில் என்னென்ன எழுத வேண்டும்? விலை குறைந்தவருக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.
— இளநிலைப் பொறியாளர், மதுரை

பதில்: சென்சார் விலையை மட்டும் கேட்டால் அப்படித்தான் ஆகும். சென்சார், மூன்று வருடத்துக்கான தொப்பிகள், எலக்ட்ரோலைட் அல்லது மருந்து எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாகக் கேளுங்கள். தொப்பிக்கும் எலக்ட்ரோலைட்டுக்கும் காலாவதி உண்டு. மூன்று வருடச் சரக்கையும் முதல் நாளே கொண்டுவந்து இறக்கிவிட்டால் கடைசி வருடத்தில் கெட்டதைத்தான் மாட்டுவீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அண்மையில் தயாரித்ததாகத் தர வேண்டும் என்று எழுதுங்கள்.

அளவு வரம்பு 0–2 அல்லது 0–5 பி.பி.எம். போதும், 0–20 வாங்கினால் 0.2-ஐச் சுற்றி நடப்பது தெளிவாகத் தெரியாது. உங்கள் தண்ணீரின் பி.எச்., வெப்பநிலை, மின்கடத்துதிறன், இரும்பு அளவுகளை டெண்டரிலேயே கொடுத்து, அந்த வரம்புக்குள் பிழை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வெப்பநிலைத் திருத்தம் கட்டாயம்: சவ்வின் ஊடுருவல் ஒரு டிகிரிக்குச் சுமார் 3 சதவீதம் மாறும்; மார்கழி விடியலுக்கும் சித்திரை மதியத்துக்கும் தொட்டித் தண்ணீரில் பத்து டிகிரி வித்தியாசம் இருந்தால் அதுவே 30 சதவீதப் பிழை. மின்வெட்டுள்ள ஊரானால் சிறு பேட்டரி கேளுங்கள். பல சவ்வு சென்சார்களுக்கு மின்முனையில் இடைவிடாமல் மின்னழுத்தம் இருக்க வேண்டும். அறுந்து வந்தால் மறுபடி நிலைப்பட அரை மணி முதல் சில மணி நேரம் ஆகும். தொட்டி உயரமானது, இடி விழும். சிக்னல் கம்பிக்கும் மின்கம்பிக்கும் இடிதாங்கிக் காப்புத் தனித்தனியே வேண்டும். ஓட்ட சுவிட்ச், டி.பி.டி. கைமீட்டர், தமிழில் ஒரு பக்கச் செயல்முறை அட்டை ஆகியவை விலைக்குள் அடங்கியிருக்கட்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் பதினைந்து நாள் ஒப்பீடு வையுங்கள். தினமும் இரண்டு வேளை கைமீட்டரோடு ஒப்பிட்டு, முப்பதில் இருபத்தேழு முறையாவது 0.1 பி.பி.எம்.முக்குள் ஒத்துப்போக வேண்டும். அந்தப் பதினைந்து நாளும் தொப்பியைக் கழற்றுவது, எலக்ட்ரோலைட் ஊற்றுவது, சரிசெய்வது எல்லாவற்றையும் கம்பெனி ஆள் பக்கத்தில் நிற்க, உங்கள் ஆபரேட்டரே தன் கையால் செய்யட்டும். அவருக்குக் கைவராத கருவியை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: தொட்டியைக் கழுவி வெள்ளையடிக்கப் பத்து நாள் ஆகும். சென்சாரை என்ன செய்வது?
— வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ஓரிரு நாள் என்றால் செல்லின் இரு பக்க வால்வையும் மூடி, உள்ளே தண்ணீர் நிற்கும்படி விட்டால் போதும். பத்து நாளுக்குக் கழற்றிவிடுங்கள். முதலில் பம்பை நிறுத்திவிட்டு மின் இணைப்பை எடுங்கள். தொப்பியைக் கழற்றி எலக்ட்ரோலைட்டைக் கொட்டி, மின்முனையைச் சுத்தமான தண்ணீரில் அலசி, தானாகக் காயவிட்டு, பாதுகாப்பு உறை மாட்டி நிழலில் வையுங்கள். எலக்ட்ரோலைட்டோடு தொப்பி மாட்டியபடியே அலமாரியில் வைத்தால் உப்பு இறுகிச் சவ்வு கிழியும். மறுபடி மாட்டும்போது புதுத் தொப்பி, புது எலக்ட்ரோலைட். ஊற்றும்போது உள்ளே குமிழி தங்காமல் மெல்லத் திருகுங்கள். தொட்டியைக் கழுவிய வீரியமான பிளீச்சிங் கரைசல் முழுதும் வடிந்து, தொட்டி ஒருமுறை நிரம்பிக் காலியான பிறகே மாதிரிக் குழாயைத் திறக்க வேண்டும்.